ஜெபித்துவிட்டுச் சொல்பவர்

எந்தச் சபைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஐந்து நிமிடம் பிந்தி ஓடும் சுவர்க்கடிகாரம் ஒன்று இருக்கும், உட்கார்ந்தால் ஆடும் பெஞ்சு ஒன்று இருக்கும், 'ஜெபித்துவிட்டுச் சொல்பவர்' ஒருவர் இருப்பார். கடிகாரத்தைச் சரிசெய்ய ஆள் உண்டு. பெஞ்சின் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துக்கொள்ளலாம். மூன்றாமவருக்கு மட்டும் இதுவரை யாரும் ஒரு வழியும் கண்டுபிடிக்கவில்லை என்பதால், அவரைப் பற்றி எழுதியாவது வைப்போமே என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முகத்தை வைத்து இவரைக் கண்டுபிடிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் விசுவாசிகள் எல்லாருக்கும் ஒரே முகம்தான். ஒரு வேலை சொல்லிப் பாருங்கள். ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது மெல்ல அருகே போய், "பிரதர், புதன்கிழமை கூட்டத்துக்கு மாடியில இருந்து அறுபது நாற்காலி இறக்கணும், ஒரு கை கொடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். உடனே கண்கள் பாதி மூடும். வலது கை நெஞ்சுக்குப் போகும். தூரத்தில் யாரோ பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பவரைப் போலத் தலை ஒரு பக்கம் சாயும். பிறகு, ஒரு படி இறங்கிய குரலில் அந்த வாக்கியம் வரும்: "ஜெபிச்சுட்டுச் சொல்றேன் பிரதர்." புதன்கிழமை வரும். நாற்காலிகள் இறங்கும், நீங்கள்தான் இறக்குவீர்கள். கூட்டம் முடிந்து அதே நாற்காலிகளை நீங்களே மாடிக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போது அவர் வந்து தோளைத் தொட்டு, "அந்தக் காரியத்துக்காக இன்னும் ஜெபத்துலதான் இருக்கேன்" என்பார்.

அவசரப்பட்டு அவரைப் பொய்யர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சாக்குச் சொல்லித் தப்பிப்பவர்கள் வேறு இனம். அவர்களுக்கு வயிற்றுவலி வரும், வெளியூரிலிருந்து உறவினர் வருவார்கள், வண்டி பஞ்சராகும். நம்மவர் அப்படிப்பட்டவரல்ல. ஜெபிப்பேன் என்றால் நிஜமாகவே ஜெபிப்பார். முழங்காலிட்டு, கண்ணை இறுக மூடி, அந்த அறுபது நாற்காலிகளையும் ஆண்டவருடைய சமூகத்தில் ஒன்றுவிடாமல் எடுத்து வைப்பார். கூடவே தன் இடுப்பு வலியை எடுத்து வைப்பார், புதன்கிழமை அலுவலகத்தில் காத்திருக்கும் வேலையை எடுத்து வைப்பார், சபையிலுள்ள வாலிபர்களின் எண்ணிக்கையையும் அவர்களுடைய புஜபலத்தையும் ஆண்டவருக்கு நினைவுபடுத்துவார். இத்தனையும் கேட்டுவிட்டு ஆண்டவர்தான் என்ன சொல்ல முடியும்? அவர் மௌனமாக இருப்பதை நம்மவர் "இன்னும் வெளிச்சம் கிடைக்கல" என்று நமக்கு மொழிபெயர்த்துத் தருவார்.

எந்தக் காரியத்துக்கு எத்தனை நாள் ஜெபிப்பது என்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. நாற்காலிக்கு நாலு நாள். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சபையாரைப் பார்த்துவர ஒரு வாரம். அதற்குள் அந்த மனிதர் குணமாகி வீடு திரும்பிவிடுவார், ஜெபம் கேட்கப்பட்டதாகச் சாட்சியும் சொல்லிக்கொள்ளலாம். ஞாயிறு பள்ளியில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கக் கால வரம்பே கிடையாது. எங்கள் சபையில் ஒருவர் அதற்காக ஜெபிக்க ஆரம்பித்தபோது எட்டு வயதாக இருந்த பிள்ளைகள் இப்போது மீசை முளைத்துப் பாடகர் குழுவில் கிதார் வாசிக்கிறார்கள். அவர் இன்னும் காத்திருக்கிறார்.

ஜெபிக்காமலே செய்துவிடக்கூடிய காரியங்களும் உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். புதுக் கைபேசி வாங்கிய அன்று, "கர்த்தர் வாசலைத் திறந்தார்" என்றார். தினமும் காலை பத்து மணிக்குத் திறக்கிற கடை அது. மேடையில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னால், நாம் சொல்லி முடிப்பதற்குள் மைக் அவர் கையில் இருக்கும். விருந்துக்கு அழைத்தால் "எத்தனை மணிக்கு?" என்பதுதான் கேள்வி. பதவி உயர்வு வந்தால், ஆணை கைக்குக் கிடைக்கும் முன்பே ஆவியில் பூரண சமாதானம் வந்துவிடும். கை அழுக்காகிற காரியத்தில் மட்டும் "ஏனோ சமாதானம் இல்ல பிரதர்." ஒருவருடைய மனதில் எது முதலில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருடைய ஜெபக் குறிப்பேட்டைப் புரட்ட வேண்டியதில்லை. எதற்கெல்லாம் அவர் ஜெபிக்கவே இல்லை என்று பார்த்தால் போதும்.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரை உங்களுக்குக் காட்டுகிறேன். லிப்ட் பராமரிக்கும் நிறுவனத்தில் மேற்பார்வையாளர் என்பதால் சபையில் அவருக்கு லிப்ட்காரர் என்று பெயர். எந்தக் கட்டடத்தில் லிப்ட் நடுவழியில் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். ஆட்களை அழைத்துக்கொண்டு போய், மூடிய கதவுக்கு வெளியே நின்று, உள்ளே வியர்த்துக் கொட்டுகிறவர்களிடம் அவ்வளவு கனிவாகப் பேசுவார்: "பயப்படாதீங்க, இதோ வந்துட்டோம், இன்னும் ரெண்டே நிமிஷம்." அவர்கள் யாரிடமும் அவர் ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொன்னதில்லை. மனைவி பள்ளிக்கூட நூலகர், அதிகம் பேசாதவர், இடம் மாறி நிற்கும் புத்தகத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. பிள்ளைகள் வேலை கிடைத்து வேறு வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள். மாடியில் இரண்டு படுக்கையறை. கீழே கூடம், சமையலறை, அப்புறம் அந்த அறை.

அந்த அறைதான் ஜெப அறை. கீழ்த்தளத்தில் இருந்த ஒரே அறை, குளியலறை சேர்ந்தது. தரையில் பச்சைக் கம்பளம், முழங்காலுக்கு மெத்தை வைத்த பலகை, கைப்பிடி வைத்த நாற்காலி, வீட்டிலேயே ஓசையில்லாமல் ஓடும் ஒரே ஏசி, கதவுக்கு வெளியே 'அமைதி' என்று ஒரு பலகை. உள்ளே பெருக்குவதற்கு மட்டும் மனைவிக்கு அனுமதி. சுவரில் இரும்புத் தகடு ஒன்று; அதில் காந்தம் ஒட்டிய ஐந்து பட்டைகள் மேலிருந்து கீழாக: தேவன், குடும்பம், சபை, வேலை, நான். ஏன் காந்தம் என்று கேட்டேன். "ஆண்டவர் வரிசையை மாத்தச் சொன்னா உடனே மாத்தணும் பிரதர். அழிச்சு எழுதிட்டு இருக்கக் கூடாது" என்றார். மூன்று வருடத்தில் ஒரு பட்டையும் ஓர் அங்குலம் நகரவில்லை. 'நான்' என்பது கடைசியில்தான் இருந்தது. ஆனால் வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் கூப்பிட முடியாதபடி இருந்தது.

தினமும் காலை ஐந்தரைக்கு அங்கே அவர் ஏறெடுக்கும் ஜெபத்தைச் சபையிலும் பலமுறை ஏறெடுத்திருப்பதால் எனக்கே அது மனப்பாடம். "ஆண்டவரே, என் இருதயத்துல எது முன்னால இருக்கணும், எது பின்னால போகணும்னு நீரே வரிசைப்படுத்தும். நீர் என்ன மாத்தினாலும் சரி." கண்ணீர் வரும் அவருக்கு. கேட்கிற நமக்கும் வரும். 'என்ன மாற்றினாலும்' என்று அவர் சொல்லும்போது, ஐந்தரை மணி ஜெபத்தை ஆண்டவர் ஐந்து மணிக்கு மாற்றச் சொல்வார் என்ற அளவுக்குத்தான் அவர் தயாராக இருந்தார் என்று நினைக்கிறேன். அதற்குக்கூட ஜெபித்துவிட்டுத்தான் சொல்லியிருப்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் அந்த ஜெபத்தின் நடுவில் இருந்தபோது, மேசைமேல் கைபேசி சத்தமில்லாமல் மின்னியது. ஜெப நேரத்தில் இடைஞ்சல் கூடாது என்று அதைக் கவிழ்த்து வைத்தார். இன்னும் இரண்டு முறை அது மேசையை அதிரவைத்தது. அதைத் தள்ளி நாற்காலிமேல் வைத்தார். அழைத்தது அவருடைய அக்கா. தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர், லிப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாவது மாடியில் தனியாக இருப்பவர். குளியலறையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் ஈரத் தரையில் கிடந்தபடி தம்பியை மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறார். நாலாவது தரம் தம்பி மனைவியைக் கூப்பிட்டார். அவர் அடுப்பை அணைத்துவிட்டு, காலுக்கு ஒன்றாக வேறு வேறு செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

ஏழு மணிக்கு லிப்ட்காரர் முகம் பிரகாசிக்க அறையைவிட்டு வெளியே வந்தார். வீட்டில் யாரும் இல்லை. மனைவிக்குப் போன் செய்தார்.

"என்னம்மா, காப்பி எங்க வச்சிருக்கே?"

"ஆஸ்பத்திரிக்கு வாங்க," என்றார் மனைவி. "இங்க கேன்டீன்ல கிடைக்குது."

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. புதன்கிழமை மாலை நான் பார்க்கப் போயிருந்தபோது டாக்டர் வந்தார். வேகமாகப் பேசுகிற இளம் பெண். "நல்லா இருக்காங்க. வெள்ளிக்கிழமை கூட்டிட்டுப் போயிடலாம். ஆனா ஆறு வாரம் படி ஏறவே கூடாது. கீழ்த்தளத்துல ஒரு அறை, பாத்ரூம் சேர்ந்து இருக்கணும், வாக்கர் திரும்புற அளவுக்கு இடம் வேணும். வீட்டுல அப்படி இருக்குல்ல?"

மனைவி கணவரைப் பார்த்தார். அக்கா கூரையைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். லிப்ட்காரருடைய கண்கள் பாதி மூடின. வலது கை நெஞ்சுக்குப் போனது.

"ஜெபிச்சுட்டுச் சொல்றேன் டாக்டர்."

"அறை இருக்கா இல்லையான்னுதான் கேட்டேன்," என்றார் டாக்டர்.

அறை கிடைக்காவிட்டால் என்ன வழி என்று அவரே சொன்னார். ஊருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லம் இருந்தது. ஓர் அறைக்கு நாலு கட்டில், பார்வையாளர்களுக்கு ஞாயிறு மாலை இரண்டு மணி நேரம். டாக்டர் போனதும் அக்கா பேசினார். "விடும்மா, இவன் சின்ன வயசுலயே இப்படித்தான். வாளியைத் தூக்குடான்னா வானத்தைப் பார்ப்பான்." பிறகு தம்பியின் பக்கம் திரும்பி, "நீ நிதானமா ஜெபி. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு இந்தக் கட்டிலுக்கு வேற ஆள் வருது. நான் அந்த இல்லத்துக்கே போயிக்கிறேன்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் போர்வையின் ஓரத்தை அவர் விரல்கள் விடாமல் பிடித்திருந்ததைப் பார்த்தேன். முப்பது வருடம் ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துவிட்டவர், தன்னோடு பேசச் சொந்தம் யாரும் இல்லாத ஓர் அறைக்குப் போகப் பயந்தார். தம்பியின் அறையைக் கேட்டு வாங்கவும் அவருக்கு மனமில்லை.

வராந்தாவில் லிப்ட்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "அக்கான்னா எனக்கு உயிர், பிரதர். ஆனா அது ஆண்டவருக்குன்னு கொடுத்த அறை. கொடுத்ததைத் திருப்பி எடுக்கலாமா? என் ஜெப வாழ்க்கையைக் கெடுக்கச் சத்துருவான சாத்தான் எவ்வளவு நுட்பமா வேலை செய்றான் பாருங்க." மூன்று வருடமாக வரிசையை மாற்றும் மாற்றும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாற்றம் ஸ்ட்ரெச்சரில் வந்து சேர்ந்தபோது அனுப்பியவர் யார் என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஜெப அறையைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று அவர் எங்கே போய் ஜெபிப்பார்? ஜெப அறையில்தான். அதில் உட்கார்ந்துகொண்டு கேட்டால் என்ன பதில் கேட்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வியாழக்கிழமை காலை போதகரைப் பார்க்கப் போனார். எங்கள் போதகர் சுருக்கமாகப் பேசுகிறவர், பிரசங்கத்தைத் தவிர. முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "இதுக்கு எதுக்கு பிரதர் ஜெபம்? கட்டிலைப் போடுங்க" என்றாராம். லிப்ட்காரர் அதிர்ந்துபோய் எனக்குப் போன் செய்தார். "பாஸ்டருக்காக நாம கொஞ்சம் பாரத்தோட ஜெபிக்கணும். ஜெப வாழ்க்கை குறைஞ்சுட்டு வருது" என்றார். மறுநாள் காலை ஆறு மணியிலிருந்து உபவாசத்தோடு அறையில் இருக்கப்போவதாகவும், தெளிவான பதில் கிடைக்கும்வரை கதவைத் திறக்கப்போவதில்லை என்றும் சொன்னார். பன்னிரண்டு மணிக்குள் கிடைத்துவிடுமா என்று கேட்டேன். ஆண்டவருக்கு நேரம் குறிக்க நாம் யார் என்றார்.

அன்று மாலையே அவருடைய மனைவியிடமிருந்து எனக்கு இன்னொரு போன். இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடலாமா என்று யோசித்தேன். எழுத வந்தபின் மறைப்பது நியாயமில்லை. "அண்ணே, வாடகைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் சொல்லியிருக்கேன். காலையில கொண்டுவர உங்க வேன் வேணும். தூக்கிவைக்க நீங்களும் வரணும்." எனக்கு நட்பு கெடுமே என்ற பயம், வெள்ளிக்கிழமை வேறு வேலை, முதுகும் அத்தனை நன்றாக இல்லை. நாக்கு தானாகவே புரண்டது. "ஜெபிச்சுட்டுச் சொல்றேம்மா" என்றுவிட்டேன். அவர், "ஜெபிங்க அண்ணே. வேன் மட்டும் ஒன்பது மணிக்கு வாசலுக்கு வந்துடணும்" என்றார். வந்தது. நானும் அதில் இருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையை நான் இருக்கும்வரை மறக்கமாட்டேன். அறைக்கு இன்னொரு சாவி பெருக்குகிறவரிடம் இருக்கும் என்பதை லிப்ட்காரர் யோசிக்கவில்லை. மனைவி ஓசைப்படாமல் கதவைத் திறந்தார். அறையின் நடுவில் முழங்கால் பலகைமேல் நம்மவர். கண்கள் இறுக மூடியிருந்தன, இரண்டு காதிலும் பஞ்சு. வாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கட்டில் கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "சார் இருக்காரே." "இருக்கட்டும்," என்றார் நூலகர், "அவரைச் சுத்தி வைங்க."

முதலில் கைப்பிடி நாற்காலி வெளியே போனது. அப்புறம் மேசை. வாக்கர் சிக்கிக்கொள்ளுமே என்று கம்பளத்தைச் சுருட்டினோம்; முழங்கால்வரை சுருண்டு வந்து நின்றது, மீதிப் பாதியில் அவர் இருந்தார். பக்கவாட்டுக் கம்பிகளைப் பூட்டும்போது கிணீரென்று சத்தம் வந்தது. லிப்ட்காரரின் குரல் உயர்ந்தது: "ஆண்டவரே, இந்த நேரத்துல எழும்புற எல்லாத் தடைகளையும் கட்டிப்போடும்." கடைக்காரர் பயந்துபோய்த் திருப்புளியைக் கீழே வைத்தார். நான் அவருக்குச் சைகை காட்டி மறுபடி எடுக்கச் செய்தேன். மெத்தையைப் போட்டோம். கட்டிலின் கால் அவர் கை விரலுக்கு நாலு அங்குலத்தில் வந்து நின்றபோது அவர் கெஞ்ச ஆரம்பித்தார். "யாரும் தப்பா புரிஞ்சுக்க முடியாத மாதிரி, கண்ணால பார்க்கிற மாதிரி, ஒரே ஒரு அடையாளம் காட்டும் ஆண்டவரே. அது போதும்." கடைக்காரர் குனிந்து அவர் தோளைத் தட்டினார். "சார், காலைக் கொஞ்சம் நகட்டுங்க. பிரேக் போடணும்." அவர் கண்ணைத் திறக்காமலே காலை நகர்த்திக்கொண்டார்.

அதன்பின் ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு பேர் அக்காவைத் தூக்கிவந்து கட்டிலில் உட்காரவைத்துவிட்டுப் போனார்கள். ஏழு மணி நேரப் பசியோ, அறையில் திடீரென்று வந்த மருந்து வாடையோ, எது என்று தெரியாது, லிப்ட்காரர் கண்ணைத் திறந்தார். முகத்துக்கு நேரே அக்காவின் பாதங்கள் இருந்தன. வீங்கியிருந்தன. ஒரு பாதத்தில் ஆஸ்பத்திரிக் காலுறை பாதி கழன்று தொங்கியது. அவர் பலகையைவிட்டு நகரவே இல்லை. அவர் முழங்காலிட்டிருந்த இடம்தான் அக்காவின் கட்டிலடியாக மாறியிருந்தது.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார் அக்கா. "அந்தக் காலுறையைக் கொஞ்சம் மாட்டிவிடு. குளுருது."

அவர் காதிலிருந்த பஞ்சை எடுத்தார். மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுருட்டிய கம்பளத்தைப் பார்த்தார். கோபம் வரப்போகிறது என்றுதான் நாங்கள் எல்லாரும் எதிர்பார்த்தோம். வரவில்லை. கண் மூடவும் இல்லை, கை நெஞ்சுக்குப் போகவும் இல்லை. அக்காவின் காலை மெல்லத் தூக்கி, சுருக்கம் விழாமல் காலுறையை மாட்டினார். பிறகு அந்தக் காலைத் திரும்ப வைக்க மறந்து அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். "மூணு தடவை கூப்பிட்டியேக்கா" என்றார். அத்தனை பெரிய மனிதர் விம்மி விம்மி அழுதார். அங்கே நிற்க முடியாமல் ஏசி வேலை செய்கிறதா என்று பார்ப்பவனைப் போல ஜன்னல் பக்கம் போய்விட்டேன்.

அடுத்த ஆறு வாரமும் அவர் என்னிடம் ஒரே புலம்பல். "ஒழுங்கா ஒரு நாள் ஜெபிக்க முடியல பிரதர். ஐந்தரைக்கு முழங்கால் போட்டா, கரெக்டா அதே நேரத்துக்கு அக்காவுக்கு பாத்ரூம் வருது." கட்டிலிலிருந்து குளியலறைக்குப் பதினொரு எட்டு. ஒரு கையால் வாக்கரையும் மறு கையால் அக்காவின் முதுகையும் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பார். நடக்கும்போது ஏதோ முணுமுணுப்பார் என்று அக்காதான் சொன்னார். "ஆண்டவரே விழாம பார்த்துக்கும், ஆண்டவரே விழாம பார்த்துக்கும். இதே பாட்டுதான். இவன் எனக்காகக் கேக்குறானா, தன் கால் மேல நான் விழுந்துடுவேன்னு கேக்குறானான்னு தெரியல." எனக்குத் தெரிந்து அவருடைய ஜெபங்களில் இடுப்பு வலியும் அலுவலக வேலையும் சேராத முதல் ஜெபம் அது. அவர் அதை ஜெபம் என்றே கணக்கில் எடுக்கவில்லை.

ஏழாவது வாரம் அக்கா வாக்கரோடு சபைக்கு வந்தார். கர்த்தர் செய்த நன்மையை அவரவர் எழுந்து சொல்லும் சாட்சி நேரம். மைக் வரிசை வரிசையாக நகர்ந்து லிப்ட்காரரிடம் வந்தது. இருபது நிமிடத்துக்குக் குறையாது என்று தெரிந்து, சபையார் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அவர் எழுந்து, தொண்டையைச் செருமி, "கர்த்தர் என் வாழ்க்கையில் வரிசையை" என்றார். அக்கா சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் குனிந்து கேட்டார். பாத்ரூம். மைக்கைப் பக்கத்தில் இருந்தவர் கையில் திணித்துவிட்டு, அக்காவின் முதுகில் கை வைத்து, அத்தனை பேருக்கு முன்னால் சிறு சிறு எட்டாக வெளியே நடந்துபோனார். அந்த வாக்கியம் அப்படியே பாதியில் நின்றது. முடித்துவைக்க அவர் திரும்பி வரவேயில்லை. அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி அதுதான்.

அப்படியானால் ஆள் அடியோடு மாறிவிட்டார் என்று நினைக்கிறீர்களா? ஆண்டவர் ஓர் இருதயத்தைத் திருப்பி அடுக்குவது நூலகத்தில் புத்தகம் அடுக்குவதுபோல ஒரு மதியத்தில் முடிகிற வேலையல்ல. ஒவ்வொரு தட்டாகத்தான் நடக்கிறது போலிருக்கிறது. அக்கா அந்த அறையிலேயே தங்கிவிட்டார். இனி மாடி வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று லிப்ட்காரரே, யாரையும் எதையும் கேட்காமல், சொல்லிவிட்டார். போன வாரம் நாற்காலி இறக்கக் கூப்பிட்டபோது மட்டும் பழையபடி நெஞ்சுக்குக் கையைக் கொண்டுபோனார். அந்தத் தட்டுக்கு ஆண்டவர் இன்னும் வரவில்லை.

இதை வாசிக்கும்போதே உங்களுக்கு ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். உங்கள் சபையிலோ சொந்தத்திலோ உள்ள ஒரு நபர். 'இதை அவர் கட்டாயம் படிக்கணும்' என்று நினைத்து, அனுப்பக் கைபேசியையும் எடுத்திருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு நீங்கள் ஜெபிக்கவில்லை என்பதை மட்டும் கவனித்தீர்களா? எடுத்ததுதான் எடுத்தீர்கள், அப்படியே தவறிய அழைப்புகளையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள். மூன்று தரம் கூப்பிட்டும் நீங்கள் இன்னும் பதில் சொல்லாத ஒருவருடைய பெயர் அதில் இருக்கும். நான் பார்த்தேன், என்னுடையதில் இருந்தது.